வாகனக் காப்பீட்டு மதிப்பீட்டாளர் பணி: நேர்முகமும் நேர்மையும்

(நமது ஜமாஅத்தின் கல்வி - வேலைவாய்ப்பு வழிகாட்டல் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் ஏக இறைவனுக்கே உரித்தாகுக! அவனது திருத்தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் நின்று நிலவுவதாக!



நமது மஹல்லாவில் மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் பிரிவுகளில் டிப்ளமோவும் பட்டமும் பெற்ற பிள்ளைகள் பலர் இருக்கின்றனர். படிப்பு முடிந்ததும் அவர்கள் கண்முன் தெரிபவை இரண்டே வழிகள். ஒன்று வளைகுடா விசா. மற்றொன்று உள்ளூரில் கிடைத்த சம்பளத்திற்குக் கிடைத்த வேலை. இவ்விரண்டிற்கும் இடையே, அவர்கள் கற்ற கல்விக்கு நேரடியாகப் பொருந்துகின்ற ஒரு பணி நம் கண்ணில் படாமலேயே இருக்கிறது. விபத்துக்குள்ளான வாகனத்தைப் பார்வையிட்டு, அதன் சேதத்தை அளந்து, காப்பீட்டு நிறுவனம் எவ்வளவு தர வேண்டும் எனக் கணக்கிட்டு உரைக்கும் பணியே அது. மக்கள் வழக்கில் அவரை 'சர்வேயர்' என்பர். சட்டம் அவரை சர்வேயர் மற்றும் இழப்பு மதிப்பீட்டாளர் என்கிறது.

இப்பணிக்கான நேர்முகத் தேர்வில் என்ன கேட்பார்கள், எவ்வாறு ஆயத்தமாக வேண்டும் என்பதை, இத்துறையில் இருப்போரிடம் கேட்டறிந்தவாறு இங்கே எடுத்துரைக்க விழைகிறோம். அதனோடு, இப்பணியை ஏற்பவர் தம் தலைமேல் ஏற்றுக்கொள்ளும் அமானிதம் எத்தகையது என்பதையும் சேர்த்தே கூறுவோம். முன்னதை மட்டும் கூறிப் பின்னதை விட்டால் நாம் பாதி வழிதான் காட்டியவர்கள் ஆவோம்.

முதலில் எழும் கேள்வி

"காப்பீடே ஆகுமானதா என்ற கேள்வி இருக்க, அதில் வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பலாமா?" என்று பெரியோர்கள் கேட்பது நியாயமே. இதை மூடி மறைத்துவிட்டு மேலே செல்வது முறையன்று. 1985-ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நிலையான பிரீமியம் பெறும் வணிகக் காப்பீட்டு ஒப்பந்தம் கூடாது என்றும், பரஸ்பர உதவியை அடிப்படையாகக் கொண்ட கூட்டுறவுக் காப்பீடு கூடும் என்றும் தீர்மானித்தது. அதே வேளையில் நம் நாட்டில், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு, மூன்றாம் நபர் காப்பீடு இன்றி எந்த வாகனமும் பொதுச் சாலையில் ஓடக் கூடாது எனக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆகவே நம்மில் வண்டி வைத்திருப்போர் எவரும் இதற்கு வெளியே இல்லை.

காப்பீட்டு நிறுவனத்தின் பணியாளராகச் சம்பளம் பெறுவதும், பாலிசி விற்பதும், உரிமம் பெற்ற சுதந்திர மதிப்பீட்டாளராகச் சேதத்தை அளந்து அதற்குக் கட்டணம் பெறுவதும் ஒரே தரத்தவை தாமா என்பதில் மார்க்கத் தீர்ப்புக் கூறுவது உலமாக்களின் பணி, நம் பணியன்று. விண்ணப்பிக்கும் முன்னரே ஒவ்வொருவரும் நம் இமாமிடம் அமர்ந்து, தாம் ஏற்கவிருக்கும் பணி இன்னதென விளக்கிக் கேட்டுத் தெளிவு பெறுக. மனம் ஒப்பாதவர்க்கும் இக்கல்வி வீண் போகாது. பெரிய ஒர்க்‌ஷாப்புகளில் எஸ்டிமேட் தயாரிக்கும் பணிக்கும், பழைய வாகனங்களை விலை மதிக்கும் தொழிலுக்கும் இதே அறிவே மூலதனம்.

பணியும் தகுதியும்

1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 64-யு.எம். பிரிவு, குறித்த தொகைக்கு மேற்பட்ட இழப்பை உரிமம் பெற்ற சர்வேயரே மதிப்பிட வேண்டும் என்கிறது. இவ்வுரிமத்தை வழங்குவது ஹைதராபாதில் உள்ள இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி ஆணையம். பொறியியல் போன்ற தொழில்நுட்பக் கல்வி பெற்றவர், பொதுவாக உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவரிடம் ஓராண்டுக் காலம் பயிற்சி பெற்று, மும்பையில் உள்ள இந்தியக் காப்பீட்டுக் கழகம் நடத்தும் தேர்விலும் தேறியபின் உரிமம் கோரலாம். இது ஒரு வழி.

மற்றொரு வழி, பொதுக் காப்பீட்டு நிறுவனங்களின் கிளைம் பிரிவில் நேரடியாகப் பணியில் சேர்வது. படிப்பை முடித்த புதியவர்களையும், வாகன நிறுவனங்களின் சர்வீஸ் சென்டரில் ஓரிரு ஆண்டு வேலை பார்த்தவர்களையும் இவ்வாறு எடுத்துக்கொள்கின்றனர். நேர்முகத் தேர்வு பெரும்பாலும் இவ்வழியில்தான் நிகழ்கிறது. எனவே அதைக் குறித்தே விரித்துப் பேசுவோம்.

என்ன கேட்பார்கள்?

முதற்கண் வண்டியைப் பற்றிக் கேட்பார்கள். முன்பக்கம் மோதிய காரின் புகைப்படத்தைக் கொடுத்து, "எவையெவை சேதமடைந்திருக்கலாம்?" என்பார்கள். பம்பர், பானட், ஹெட்லைட் என்று வெளியே தெரிவதை மட்டும் கூறுபவர் பாதி மதிப்பெண்தான் பெறுவார். ரேடியேட்டரும், அதைத் தாங்கும் சட்டமும், ஏ.சி. கண்டென்சரும், உள்ளே சேஸிஸ் வளைந்திருக்கிறதா என்பதும் பார்க்கப்பட வேண்டும் எனக் கூறுபவரையே அவர்கள் தேடுகின்றனர். எதை டிங்கரிங் செய்து சரியாக்கலாம், எதை மாற்றியே தீர வேண்டும் என்று பிரித்துரைப்பதே இத்தொழிலின் உயிர்.

அடுத்து, சேதம் பழையதா புதியதா என்பதைக் கண்டறியும் முறையைக் கேட்பார்கள். நசுங்கிய இடத்தில் துரு ஏறியிருந்தால் அது நேற்றைய விபத்தன்று. வெடிப்பினுள் தூசி படிந்திருந்தாலும் அவ்வாறே. லாரியின் பின்புறம் மோதியதாகக் கூறும் காரில் சேதத்தின் உயரம் லாரியின் உயரத்தோடு பொருந்த வேண்டும். சேஸிஸ் எண்ணை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பது இன்றும் உள்ள வழக்கம். இவற்றையெல்லாம் நூலில் படிப்பதைவிட, நம் மஹல்லாவிலுள்ள டிங்கரிங் பட்டறையில் ஒரு மாதம் நின்று பார்த்துக் கற்பதே மேல்.

மூன்றாவதாக, பாலிசியைப் பற்றிய கேள்விகள். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் உள்ள வண்டிக்கு, அவ்வண்டியின் சொந்தச் சேதத்திற்கு ஏதும் கிடையாது. இது எளிய கேள்வியாயினும் தடுமாறுவோர் உண்டு. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைப் பற்றிய கேள்வி நம் மாநிலத்தில் தவறாமல் வரும். சென்னையில் 2015 டிசம்பரிலும், மீண்டும் சென்னையிலும் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளத்தில் சிக்கிய வாகனங்கள் எத்தனை என்பதை நாம் கண்டோம். நீரில் நின்ற வண்டியை இழுத்துச் செல்லாமல் ஸ்டார்ட் செய்தால், சிலிண்டருக்குள் நீர் புகுந்து கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெள்ளத்தால் நேர்ந்த சேதத்திற்குப் பணம் உண்டு. ஸ்டார்ட் செய்ததால் எஞ்சினுக்கு விளைந்த சேதத்தை, எஞ்சின் பாதுகாப்புக்கெனத் தனியே கூடுதல் பிரீமியம் செலுத்தியிராவிட்டால், நிறுவனங்கள் ஏற்பதில்லை. இவ்வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லத் தெரிய வேண்டும்.

ஓட்டுநர் உரிமம் பற்றியும் கேட்பார்கள். இலகு ரக வாகன உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வாகனத்தையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. சிறிய லோடு வண்டி ஓட்டுவோருக்கு இது பெரும் ஆறுதல். இதனை அறியாமல், "உரிமம் செல்லாது, கிளைம் இல்லை" என்று ஒருவர் விடையளித்தால், அவர் தேர்வில் தோற்பதோடு நில்லாது. பின்னாளில் ஓர் ஏழையின் உரிமையையும் மறுத்துவிடுவார்.

கணக்கு ஒன்று

நேர்முகத்தில் தாளும் பேனாவும் கொடுத்து ஒரு கணக்கைப் போடச் சொல்வார்கள். மோட்டார் பாலிசியில் வழங்கிவரும் தேய்மான விகிதங்களை மனனம் செய்திருத்தல் வேண்டும். ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், பேட்டரி ஆகியவற்றுக்கு 50 விழுக்காடு. ஃபைபர் கிளாஸ் பாகங்களுக்கு 30 விழுக்காடு. கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லை. உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்து: முதல் 6 மாதம் வரை ஏதுமில்லை, 1 ஆண்டு வரை 5, 2 ஆண்டு வரை 10, 3 வரை 15, 4 வரை 25, 5 வரை 35, 10 வரை 40, அதற்கு மேல் 50 விழுக்காடு.

மூன்றரை ஆண்டு வயதுள்ள, 1,500 சி.சி.க்கு மேற்படாத ஒரு காரை எடுத்துக்கொள்வோம். வரியைத் தவிர்த்து ஒர்க்‌ஷாப் தந்த பில் இவ்வாறு இருக்கிறது: பிளாஸ்டிக் பம்பர் முதலியன ரூ. 8,000, பானட், ஃபெண்டர் ரூ. 12,000, முன்கண்ணாடி ரூ. 10,000; பெயிண்டிங் ரூ. 8,000, கூலி ரூ. 6,000. ஆக மொத்தம் ரூ. 44,000.

பிளாஸ்டிக்கில் பாதி போக ரூ. 4,000. உலோகத்தில் 25 விழுக்காடு போக ரூ. 9,000. கண்ணாடி முழுமையாக ரூ. 10,000. பெயிண்டிங் பில்லில் கால் பங்கைப் பெயிண்டின் விலையாகக் கொண்டு, அதில் பாதியைக் கழிப்பர், எனவே ரூ. 1,000 போக ரூ. 7,000. கூலி முழுமையாக ரூ. 6,000. கூட்டினால் ரூ. 36,000. கட்டாயமாக உரிமையாளர் ஏற்க வேண்டிய ரூ. 1,000-ஐக் கழித்தால் ரூ. 35,000. எஞ்சிய ரூ. 9,000 வண்டிக்காரர் கையிலிருந்து செல்லும். தேய்மானமே பிடிக்காத கூடுதல் பாதுகாப்பை அவர் வாங்கியிருந்தால் கணக்கு வேறாகும்; அதைக் கேட்டுக்கொண்டே கணக்கைத் தொடங்க வேண்டும்.

பழுது பார்க்கும் செலவு, பாலிசியில் குறித்த வாகன மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அதனை முழு இழப்பாகக் கொள்வர். மதிப்பு ரூ. 4,00,000 என்றால் எல்லை ரூ. 3,00,000. இதுவும் கேட்கப்படும் கணக்கே.

"பணம் கொடுத்தால் என்ன செய்வீர்?"

தொழிற்கேள்விகள் முடிந்தபின் ஒரு கேள்வி வரும். "பட்டறைக்காரர் ஒருவர் பழைய நசுக்கத்தையும் இந்த விபத்தில் சேர்த்து எழுதச் சொல்லி உறை ஒன்றை நீட்டுகிறார். என்ன செய்வீர்கள்?" வாயளவில் எல்லாரும் "வாங்கமாட்டேன்" என்றுதான் கூறுவர். கேட்பவருக்கும் அது தெரியும். எனவே அடுத்துக் கேட்பார்: "அவர் உங்கள் ஊர்க்காரர், உங்கள் தந்தையின் நண்பர், அப்போது?" இங்கேதான் பலர் மௌனமாகிவிடுகின்றனர்.

சகோதரர்களே! இக்கேள்விக்கு விடையை நேர்முக அறையில் தேட முடியாது. அது முன்னரே உள்ளத்தில் இருக்க வேண்டும். ஸகாத் வசூலிக்கச் சென்று திரும்பிய ஒருவர், "இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது" என்று பிரித்துக் காட்டியபோது, அவர் தம் பெற்றோர் வீட்டிலேயே அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் மிம்பரில் நின்று வினவிய செய்தியை நாம் பன்முறை கேட்டிருக்கிறோம். சர்வேயரின் கைக்கு வரும் உறைக்கும், தீபாவளிப் பெட்டிக்கும், பெருநாள் பரிசுக்கும் இதுவே உரைகல். பதவி இல்லாவிடில் வராதது, பதவிக்காக வருவதே.

கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, மேலே உலர்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்ததை நபியவர்கள் (ஸல்) கண்டறிந்து, ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சியும் நாம் அறிந்ததே. மேற்பரப்பைக் கண்டு நின்றுவிடாமல் உள்ளே கைவிட்டுப் பார்ப்பதும், கண்டதை மறைக்காமல் உரைப்பதும் மதிப்பீட்டாளரின் முழுத் தொழில் அல்லவா?

மோசடி என்றதும் கூட்டி எழுதுவது மட்டுமே நம் நினைவுக்கு வருகிறது. குறைத்து எழுதுவதும் மோசடியே. மேலதிகாரியை மகிழ்விக்க, மாற்ற வேண்டிய பாகத்தை "டிங்கரிங் போதும்" என எழுதினால், அந்த ஒரு வரியால் லோடு ஆட்டோ ஓட்டும் குடும்பத் தலைவர் பல நாள் வருமானத்தை இழப்பார். வட்டிக்குக் கடன் வாங்கும் நிலைக்கும் தள்ளப்படலாம். கூட்டி எழுதினாலோ, பிரீமியம் கட்டும் அனைவரின் பணத்திலும் கைவைத்ததாகும். அளவில் மோசம் செய்வோரைக் குறித்து முதஃப்பிஃபீன் என்னும் பெயரால் ஓர் அத்தியாயமே அருளப்பட்டிருப்பது, தராசு பிடிக்கும் வணிகருக்கு மட்டும் உரிய எச்சரிக்கை என்று எண்ணிவிடலாகாது. பேனா பிடித்து அளப்பவருக்கும் அது பொருந்தும்.

சர்வேயர் எழுதியதே முடிந்த முடிவு என்பதும் இல்லை. அவரது அறிக்கை முக்கியமானதே எனினும், மாற்ற இயலாத இறுதி வாக்கு அன்று என 2009-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டவர் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடமும் நுகர்வோர் ஆணையத்திடமும் முறையிடலாம். இதை நம் வாகன உரிமையாளர்களும் நினைவிற் கொள்க.

சபையில் அமரும் முறை

தன் தகுதியைத் தானே எடுத்துக் கூறுவது பெருமையாகிவிடுமோ என்று கூச்சத்தோடு வாய்மூடி இருக்கும் பிள்ளைகள் நம்மிடையே உண்டு. எகிப்து மன்னரிடம் களஞ்சியப் பொறுப்பைக் கேட்ட யூசுஃப் (அலை) அவர்கள், தாம் பேணிக் காப்பவர் என்பதையும் விபரம் அறிந்தவர் என்பதையும் தாமே எடுத்துரைத்தார்கள். மத்யனில் மூஸா (அலை) அவர்களைப் பணியமர்த்தப் பரிந்துரைத்த பெண்மணி சுட்டியவை இரண்டே: வலிமை, நம்பகம். திறமையும் அமானிதமும் ஆகிய இவ்விரண்டையே இன்றைய நிறுவனமும் தேடுகிறது. உள்ளதை உள்ளபடி கூறுவதில் கூச்சம் வேண்டியதில்லை; இல்லாததைக் கூறுவதில்தான் அச்சம் வேண்டும். பட்டறைக்கே செல்லாதவர் "6 மாத அனுபவம்" என விண்ணப்பத்தில் எழுதினால், முதல் மோசடி அறிக்கையை அவர் அன்றே எழுதிவிட்டார் என்று பொருள்.

"தாடியும் தொப்பியும் கண்டால் வேலை தரமாட்டார்கள்" என்ற அச்சமும் நிலவுகிறது. அத்தகைய மனிதர் எங்கும் இல்லை என நாம் கூறவில்லை. ஆயினும் அதை எண்ணி விண்ணப்பிக்காமலே இருந்துவிட்டால், மறுத்தவர் அவரல்லர், நாமே. தூய உடையும் நேரம் தவறாமையும் தெளிந்த பேச்சும் நம் பக்கமிருந்து குறையற்று அமையட்டும். ஜும்ஆ நேரத்தைப் பற்றி, வேலை உறுதியான நிலையில் பணிவோடும் தெளிவோடும் கேட்டுக்கொள்க. சேர்ந்தபின் சொல்லாமல் மறைவதைவிட அது மேலானது.

இருசக்கர வாகன உரிமமும் கார் ஓட்டும் உரிமமும் கையில் இருக்கட்டும். ஒரே நாளில் பல ஊர்ப் பட்டறைகளுக்குச் செல்ல நேரும். தமிழில் தெளிவாகப் பேசவும், ஆங்கிலத்தில் பிழையின்றி அறிக்கை எழுதவும் பழகுக. கைப்பேசி வழியே வண்டியைப் பார்த்து மதிப்பிடும் முறையும், அலுவலகத்தில் அமர்ந்து பில்களைச் சரிபார்க்கும் பணியும் இப்போது உள்ளன. பொறியியல் படித்த நம் சகோதரிகளும் இவற்றைக் கருதிப் பார்க்கலாம். தெரியாததைக் கேட்டால் "தெரியாது, கற்றுக்கொள்வேன்" என்று சொல்லுக. ஊகித்துக் கூறும் பழக்கமுள்ளவரை மதிப்பீட்டுப் பணிக்கு எவரும் விரும்பார்.

ஜமாஅத் செய்ய வேண்டுவன

நிறைவாக, நிர்வாகிகளுக்கு மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, மாதம் ஒருமுறை இஷாவுக்குப் பின் ஜமாஅத் அலுவலகத்தில் மாதிரி நேர்முகத் தேர்வு நடத்துவோம்; துறை அறிந்தோர் இருவர் கேட்பவராக அமரட்டும். இரண்டாவது, உரிமத் தேர்வுக் கட்டணம் செலுத்த இயலாதோர்க்கு பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடன் வழங்க ஆவன செய்வோம். மூன்றாவது, மஹல்லாவில் பட்டறை வைத்திருக்கும் சகோதரர்கள் ஒவ்வொருவரும் ஒரு மாணவரைச் சேர்த்துக்கொண்டு தொழில் காட்டட்டும்.

அப்பட்டறைச் சகோதரர்களிடம் மேலும் ஒரு சொல். நாளை நம் பிள்ளையே சர்வேயராக உங்கள் பட்டறைக்கு வரக்கூடும். அன்று அவன் கையில் உறையைத் திணித்து, அவனது முதல் சம்பளத்தை ஹராமாக்கிவிடாதீர்கள். அவன் உள்ளதை எழுதும்போது "நம்மூர்ப் பையன் உதவவில்லை" எனக் குறை கூறாதீர்கள். அவன் நேர்மையாக எழுதிய அறிக்கையே இந்த மஹல்லாவுக்கு அவன் செய்யும் உதவி.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளுக்கு ஹலாலான ரிஸ்கையும், அதில் பரக்கத்தையும், அமானிதத்தைப் பேணும் உறுதியையும் நல்கியருள்வானாக! ஆமீன்.

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.